சாராளுக்கு வந்த இத்தாலியன்

மகன் செத்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாமல், ஒப்பாரிக்கும் வாய் திறக்காமல், சவப்பெட்டியை மூடும்போதுகூடச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாராள், விசாரணைக்குப் போக வேண்டிய காலையில் தானாக எழுந்து, முகம் கழுவி, தலை வாரி, கம்பெனிக்குக் கட்டிப்போகும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, மகள் சலோமியைப் பார்த்து வாயைத் திறந்தாள், வந்தது இத்தாலியன்.

அது இத்தாலியன் என்று கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பேபியக்கா. ஷூ கம்பெனியில் சாராளுக்கு அடுத்த மெஷின் அவளுடையது. "அந்த வெள்ளைக்காரனுங்க பேச்சுதாண்டி இது. நம்ம தையலைப் பாத்துட்டு 'பியானோ, பியானோ'ன்னு, மெதுவா மெதுவான்னு, சொல்லிக்கினே போவானுங்களே, அதே ராகம்" என்றாள். சாந்திபுரத்தில் அதற்குமேல் யாரும் மலைக்கவில்லை. தெருக்குழாயில் ஒரு நாள் மஞ்சளாகவும் ஒரு நாள் துருச் சிவப்பாகவும் தண்ணீர் வருகிற ஊர் அது. தோல் பதனிடும் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் நகம் நீலமாக மாறி நீலமாகவே மண்ணுக்குள் போகிற ஊர். அங்கே ஒருத்திக்கு வேறு பாஷை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். காரணமும் கையோடு கிடைத்தது. ஷூவின் உள்பக்கம் தைக்கிற துணி லேபிளை இந்தப் பெண்கள் உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார்கள், இரண்டு கையும் தோலைப் பிடித்திருக்கும் என்பதால். தைப்பது இங்கே, லேபிளில் இருப்பது இத்தாலி. "இத்தினி வருசமா வாயிலயே வெச்சிக்கினு இருந்தா ஒட்டாதா பின்ன?" என்றாள் பேபியக்கா. எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்கள்.

சலோமியால் அப்படிப் போக முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறவள், வகுப்பில் பேராசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு அம்மாவின் வாயையே பார்த்தபடி நின்றாள். ஏனென்றால் வழக்கு முழுவதும் அந்த நாக்கில்தான் இருந்தது.

தம்பி நவமணி செத்தது கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில். தோல் ஷாப்பும் ஷூ பிரிவும் ஒரே காம்பவுண்டு. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. மதியம் மணி அடித்ததும் சாராள் அந்தக் கதவு வழியாக தோல் ஷாப்பில் வேலை செய்த மகனுக்குச் சோறு கொண்டுபோவாள். குடித்துவிட்டுத் தானாக இறங்கி விழுந்தான், யாரும் அனுப்பவில்லை என்றது கம்பெனி. இரும்பு மூடியின் பக்கத்தில், டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி, சாராள் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அவள் என்ன பார்த்தாள் என்பதை அவள் மட்டும்தான் சொல்ல முடியும்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். மின்விசிறியைச் சாராள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கேட்டார், கேட்டுவிட்டுச் சலோமி பக்கம் திரும்பினார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"தெரியல சார். இத்தாலியன் பேசறாங்க."

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து."

"தமிழ் தெரியாதா?"

"தெரியும் சார். நாம பேசறது புரியுது. பேச மட்டும் வரல."

அதிகாரி பேனாவைத் திறந்து 'சாட்சி அயல்மொழி பேசுபவர்' என்று எழுதினார். ஒரு புருவம்கூட உயரவில்லை. இதற்குள் சாராள் எழுந்து நின்று, கையால் ஏதோ கனமானதை இழுத்து மூடுவது போலவும், தன் நெஞ்சை அறைந்து குனிந்து தரையைக் காட்டுவது போலவும், செய்து காட்ட ஆரம்பித்திருந்தாள்.

"பாருங்க சார், காட்டறாங்க! அதை எழுதுங்க!" என்றாள் சலோமி.

"சைகை ஊமைங்களுக்குத்தான்மா செல்லும். இவங்கதான் பேசறாங்களே."

"அம்மாவே எழுதிக் குடுக்கட்டுமா?"

"எழுதத் தெரியுமா?"

தெரியாது. சாராளுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை அதிகாரி விசாரணையை ஒத்திவைத்தார்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது, அது சலோமிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. அம்மாவுக்குத் தான் இத்தாலியன் பேசுவதே தெரியவில்லை. அவள் காதுக்கு அவள் பேசுவது சாந்திபுரத்துத் தமிழ்தான். பச்சைத் தமிழில் நடந்ததை நடந்தபடி சொல்கிறாள், எதிரில் நிற்கிறவர்கள் புரியவில்லை என்கிறார்கள். அப்படியானால் என்ன அர்த்தம்? எல்லாரும் கம்பெனி பக்கம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதிகாரி போய்விட்டார், பேபி போய்விட்டாள், வயிற்றில் பிறந்தவளே போய்விட்டாள். "புரியலம்மா" என்று சலோமி ஒவ்வொரு தடவை சொன்னபோதும் சாராள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அறைந்திருக்கலாம். ஒரு நாள் சோற்றுத் தட்டை மகள் பக்கம் தள்ளிவிட்டு நீளமாக ஏதோ சொல்லி அழுதாள். சலோமி அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, திட்டு என்று மட்டும் தெரிந்த, என்ன திட்டு என்று தெரியாத அந்தப் பேச்சை முடியும்வரை கேட்டாள்.

ஊருக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஊர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் ஜெயசிங், இது பரிசுத்த ஆவி தந்த அந்நியபாஷை வரம் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்துச் சாராளை மேடையில் உட்கார வைத்தார். அவள் கதறக் கதற, பக்கத்தில் நின்று, "பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை கிடைக்கும் என்கிறார் கர்த்தர், விசா வரும் என்கிறார்" என்று கண்ணை மூடிக்கொண்டு அர்த்தம் சொன்னார். சபைக்கு வராதவர்கள் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக வீட்டுக்கே வந்தார்கள். தொலைந்துபோன ஆட்டைக் கேட்டு வந்தவர் அவள் கை நீட்டிய திசையில் போய் ஆட்டைப் பிடித்தும் வந்துவிட்டார். அவள் நீட்டியது கம்பெனி இருந்த திசை. கம்பெனி நிர்வாகம் பழக்கூடை அனுப்பியது. ஆட்டோ ஸ்டாண்டில் "பியானோ, பியானோ" என்று வண்டியைத் திருப்பினார்கள். சாராள் பேசப் பேச எல்லாருக்கும் நல்லது நடந்தது. அவள் சொன்னது மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"ஊர் பூராவும் அர்த்தம் சொல்லுது, ஒருத்தருக்கும் பாஷை தெரியாது. வெட்கமா இல்லையா?" என்று பாஸ்டரிடம் சண்டைக்குப் போனாள் சலோமி.

"விசுவாசம் வேணும் சிஸ்டர்."

"எனக்கு அகராதி வேணும் பாஸ்டர்."

அகராதி வாங்கினாள். போனில் 'ஆரம்பநிலை இத்தாலியன்' என்றொரு பாடத்தை இறக்கினாள். விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்து, சாயங்காலமானால் வாசல்படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். முதல் பாடம் வணக்கம் சொல்வது: புவோன்ஜோர்னோ. இரண்டாம் பாடம் காப்பி கேட்பது: உன் கஃபே, பேர் ஃபவோரே. அப்புறம் ரயில் நிலையம் எங்கே, இந்த ஓட்டலில் ஜன்னலுள்ள அறை உண்டா, இந்தக் காலணி இன்னும் பெரிய அளவில் கிடைக்குமா. காலணிப் பாடத்துக்குப் போட்டிருந்த படத்தில் பழுப்புத் தோல் ஷூ ஒன்று; அதன் ஓரத்தையலைப் பேபியக்கா விரலால் தடவிப் பார்த்து, "நம்ம லைன்ல தைச்சதுதான்" என்றாள். பாடங்கள் நகர நகரச் சலோமிக்கு உடம்பு கொதித்தது. என்ன பாஷை இது, யாருக்கான பாஷை? இந்தப் புத்தகத்தில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், வெயில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அக்காவும் தம்பியும் கடற்கரைக்குப் போகிறார்கள். ஒரு பாடத்திலும் யாரும் சாகவில்லை. என் தம்பியைக் கொன்றது யார் என்று கேட்க எந்தப் பாடம்வரை படிக்க வேண்டும்?

ஆனாலும் படித்தாள். வேறு என்ன செய்வாள்? அவள் படிக்கிற சத்தத்துக்குத் தெருப் பெண்கள் வேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கீரை ஆய்ந்துகொண்டும் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டும் கூடவே சொன்னார்கள். நிறங்கள், உடுப்புகள், திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. பூனை மேஜைக்குக் கீழே இருக்கிறது: இல் காத்தோ எ சோத்தோ இல் தாவோலோ.

"மேஜைக்குக் கீழ பூனைக்கு இன்னா வேலை?" என்றாள் பேபியக்கா.

"மீன் முள்ளு பொறுக்குதோ என்னவோ, சொல்லுக்கா நீ."

"சோத்தோ, சோத்தோ. நல்லா கீது, சோறு கேக்கற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே படுத்திருந்த சாராள் அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "சோத்தோ" என்றாள். "மியோ ஃபில்யோ எ சோத்தோ." சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சலோமி மனதுக்குள் பாடங்களைப் புரட்டினாள். மியோ ஃபில்யோ, குடும்பப் பாடம். எ, முதல் பாடம். சோத்தோ, பூனைப் பாடம். என் பையன் கீழே இருக்கான். அவள் வாய்விட்டுச் சொல்வதற்குள் சாராள் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டிருந்தாள்.

இரண்டாவது விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார். மாவட்டத்தில் இத்தாலியன் தெரிந்த ஒரே ஆள் என்று சான்றிதழோடு வந்தவர், அதே கம்பெனியின் ஏற்றுமதி மேனேஜர் பத்ரிநாத். மிலான் கண்காட்சிக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டவர். தெருப் பெண்கள் எல்லாரும் பின்வரிசையில் நின்றார்கள்.

சாராள் எழுந்து பேசினாள். இந்தத் தடவை அழாமல், அவசரப்படாமல், பத்ரிநாத்தின் முகத்தைப் பார்த்தே பேசினாள். சலோமிக்கு அது இருட்டில் ஓடும் ரயில் மாதிரி இருந்தது. எங்கோ ஒரு ஜன்னல் வெளிச்சமாகக் கடந்தது, மறுபடி இருட்டு, மறுபடி ஒரு ஜன்னல். மியோ ஃபில்யோ. சோத்தோ. கமீச்சா ப்ளூ, நீலச் சட்டை. க்யூசோ, மூடியிருக்கிறது. கடைசியில், எதிர்பாராத இடத்தில், முதல் பாடத்துச் சொல் ஒன்று: சலூத்தா, வணக்கம் சொல்கிறாள்.

பத்ரிநாத் அதிகாரி பக்கம் திரும்பினார். "பையன் தானாத்தான் இறங்கினான், மூடி திறந்தே இருந்தது, யார்மேலயும் எனக்குக் குறை இல்லை, எல்லாருக்கும் வணக்கம். அவ்வளவுதான் சார் சொல்றாங்க."

சாராள் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவள் கணக்கில் அவள் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்த உடனே இந்த ஆள், எல்லார் முன்னாலும், அதே தமிழில், நேர் எதிராகச் சொல்கிறான். அதிகாரி அவன் சொன்னதை எழுதுகிறார். அவள் கண்கள் அறையைச் சுற்றின. அந்தக் கண்கள் தன்னிடம் வந்து சேர்வதற்குள் சலோமி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பொய்! மூடியிருந்துதுன்னு சொன்னாங்க. க்யூசோ! அந்த ஊர்ல மூடின கடை வாசல்ல எல்லாம் தொங்குற போர்டு சார் அது. நீலச் சட்டைன்னு சொன்னாங்க, அந்தச் சட்டை எங்க? உங்க சூப்பர்வைசருங்க போடற சட்டை எங்க போச்சு மிஸ்டர் பத்ரிநாத்? துணி அலசறப்ப தண்ணியோட போயிடுச்சா?"

"உக்காரும்மா" என்றார் அதிகாரி. "இத்தாலியன்ல உனக்கு சர்டிபிகேட் இருக்கா?"

"பதினாறாம் பாடம் படிக்கிறேன்."

"ஆரம்பநிலையா?"

"நீலச் சட்டைக்கு ஆரம்பநிலை போதும் சார்!"

பின்வரிசையில் பேபியக்கா "கமீச்சா ப்ளூ" என்றாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி சொன்னாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அறை முழுக்கக் கமீச்சா ப்ளூ, கமீச்சா ப்ளூ, க்யூசோ, க்யூசோ என்று ஆலமரத்துக் காக்கைகள் மாதிரி எழும்பியது. அதிகாரி கையை உயர்த்தி அடக்கிவிட்டு, பார்வையாளர்கள் அயல்மொழியில் கூச்சலிட்டார்கள் என்று எழுதி, சாட்சியை மொழிபெயர்த்தபடியே பதிவு செய்து, கோப்பை முடித்தார்.

ஆனால் சாராள் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நீலச் சட்டை என்று மகள் வாயிலிருந்து வந்ததுமே பிடித்தது, வெளியே படிக்கட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. படியில் உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள், பால்குடிப் பிள்ளைக்குச் சொல்வது போல, சின்னச் சின்னச் சொல்லாக, கையால் காட்டிக் காட்டி. சலோமி கேட்டாள்; புரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டினாள்; புரிந்த ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்ல, சாராள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்றைக்கு இத்தாலிக்காரர்கள் சரக்கு பார்க்க வந்திருந்தார்கள். தொட்டியில் அடைப்பு, நாற்றம். நீலச் சட்டை நவமணியை உள்ளே இறக்கியது. விருந்தாளிகள் தோல் ஷாப் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், நாற்றம் அவர்கள் மூக்குக்குப் போகக்கூடாதென்று ஏணியை உருவிக்கொண்டு மூடியை இழுத்து மூடியது. சாராள் கதவைத் தாண்டும்போது மகன் இறங்குவதைப் பார்த்தாள். கிட்ட வருவதற்குள் மூடியை மூடுவதையும் பார்த்தாள். மூடியை இழுத்தாள், அசையவில்லை. எம் பையன் கீழ இருக்கான், எம் பையன் கீழ இருக்கான் என்று கத்தினாள். மூக்கில் கைக்குட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்றார், திரும்பினார், இவள் என்ன சொல்கிறாள் என்று பத்ரிநாத்தைக் கேட்டார். பத்ரிநாத் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அன்றைக்கு அது வெறும் சத்தம். இன்றைக்குச் சாராளுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருந்தது. "உங்களுக்கு வணக்கம் சொல்கிறாள்." வெள்ளைக்காரர் கையை உயர்த்திப் பதில் வணக்கம் காட்டிவிட்டுப் போனார்.

சலோமி அகராதியை மூடினாள். அன்றைக்கு அந்த ஒரு நொடிக்கு வேண்டியிருந்த பாஷை. பிரேதப் பரிசோதனை முடிந்து, அடக்கம் முடிந்து, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த பாஷை. இதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?

பேபியக்காதான் வழி சொன்னாள். சீசனுக்கு முன்னால் அந்த இத்தாலிக்காரர்கள் மறுபடி வருவார்கள், எங்கள் லைன் வழியாகத்தான் நடப்பார்கள், அதிகாரிக்கு வேண்டாமென்றால் அவர்களிடமே சொல்வோம். சலோமி தன் பாடத்தை எழுதினாள். அதில் காப்பி இல்லை, ரயில் நிலையம் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து தெரு முழுக்க அதையே சொன்னது, கீரைக்காரி சொன்னாள், பள்ளிப் பிள்ளைகள் சொன்னார்கள், தன் காதுக்குக் குழறுகிற தமிழாகக் கேட்டதைச் சாராள் ஒவ்வொருத்தி தாடையையும் பிடித்துத் திருத்தினாள்: இது வணக்கம் அல்ல. அவள் பையன் கீழே இருந்தான். நீலச் சட்டை மூடியது.

அவர்கள் வந்த அன்று சாராள் மறுபடி வேலைக்கென்று உள்ளே போனாள், சலோமி கம்பெனி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே என்ன நடந்தது என்று ஷிப்ட் விட்டதும் பேபியக்கா வந்து சொன்னாள். உதட்டிலிருந்த லேபிளை எடுத்துவிட்டு லைன் பூராவும் எழுந்து நின்று ஒரே குரலாகச் சொன்னோம். சாராக்கா முன்னால நின்னாங்க. பத்ரிநாத்து மூஞ்சி சுண்ணாம்பாயிடுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டானுங்கடி, புரியாம இல்ல.

"அப்புறம்?"

"கை தட்டினானுங்க."

"என்னக்கா சொல்ற?"

"கை தட்டினானுங்கடி! இத்தினி நல்லா பேசறீங்களேன்னு. ஒருத்தன் போன்ல படம் புடிச்சான். நான் 'ஃபில்யோ'ன்னதை அவன் தப்புன்னு, நாக்கை இப்படி மடிக்கணும்னு கிட்ட வந்து சொல்லிக்குடுத்துட்டுப் போறான்." பேபியக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "திருத்திட்டுப் போறான்டி."

சாராள் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள்.

மறுநாள் காலை, தலைவாரிக்கொண்டே, "சலோமி, அந்த ஊக்கை எடு" என்றாள்.

ஊக்கை எடுத்துக் கொடுத்த பிறகுதான் சலோமிக்கு உறைத்தது. தமிழ். சாந்திபுரத்துத் தமிழ், இழுத்து இழுத்துப் பேசுகிற அம்மாவின் தமிழ். இத்தாலியன் வந்த மாதிரியே சொல்லாமல் போயிருந்தது. இருந்து பிரயோசனம் இல்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது போல. சலோமி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், செருப்புகூடப் போடாமல். தெரு பின்னாலேயே ஓடியது. முடிந்த கோப்பைத் திறக்க முடியாது என்றால் புதுக் கோப்புப் போடட்டும், மனு எழுதட்டும், சாட்சிக்குத் தமிழ் வந்துவிட்டது, இனி யாருடைய சான்றிதழும் வேண்டாம்.

அதிகாரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாராள் மேஜைக்கு முன்னால் நின்று, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"எம் பையன் கீழ இருந்தான் சார். மேல மூடினாங்க. நீலச் சட்டை போட்ட சூப்பர்வைசர்தான் மூடினது. நான் கத்தினேன். நான் வணக்கம் சொல்றேன்னு சொல்லிட்டாங்க."

அதிகாரி அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். பிறகு, வழக்கம் போல, பக்கத்தில் திரும்பிக் குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டார்:

"மொழிபெயர்ப்பாளர் இன்னைக்கு வரலையா?"